காலி இடத்துக்கு வாடகை

"ஒரு டெராபைட் டிஸ்க்குன்னா காப்பியும் ஒரு டெராபைட்தான் சார் வரும். உங்க ஐந்நூறு ஜி.பி. டிஸ்க்குல எப்படிக் கொள்ளும்? ரெண்டு டெராபைட்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ரெண்டு காப்பியா போட்டுத் தர்றேன்."

இந்தப் பதிலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைப் பையனுக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். அவன் சொன்னதைக் கணினித் துறையிலேயே சம்பளம் வாங்குகிறவர்கள், என் தங்கை மகன் உட்பட, தலையாட்டி ஏற்றுக்கொள்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பதிலில் இரண்டு காப்பியையும் ஒரே டிஸ்க்கில் போடுகிற அழகு ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். காலி இடத்துக்கும் காசு கொடுத்து இடம் வாங்கு என்கிறானே, அதற்குத்தான் இந்தப் பதிவு. சற்று நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சங்கதி என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், போன ஆண்டு காலமானார். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்துவந்த ஒரே காரியம், தெருவில் உள்ள குடும்பங்களின் பழைய காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து வைப்பது. எத்தா சிவில் நகல்கள், திருமணப் பதிவுகள், சொல்தாக்களின் லிவ்ரே மிலித்தேர், 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களின் காகிதங்கள், இப்படி. புதுச்சேரியில் இந்தக் காகிதங்களுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் எழுத்து மாறியிருந்தால் ஒரு விதவையின் பென்ஷன் நிற்கும். மூலக் காகிதங்கள் பலவும் இப்போது கறையான் வாயில். மிஞ்சியிருப்பது அவர் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு டிஸ்க் மட்டும்தான்.

அவர் போன நாலாம் மாதம் அந்த டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, உள்ள ஏதோ தட்டுது, நீங்க வந்து பாருங்களேன்" என்றார். நான் பார்த்து என்ன செய்வேன்? கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஒரு விஷயத்தில் அந்தக் கடையைப் பாராட்ட வேண்டும். பையன் டிஸ்க்கைத் திறந்து நோண்டாமல், லினக்ஸில் 'டி.டி.ரெஸ்க்யூ' என்ற மென்பொருளை ஓட்டி, முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுத்தான். இமேஜ் என்பார்கள் அதை. சாகப்போகும் டிஸ்க்குக்கு அதுதான் சரியான வைத்தியம். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் மென்பொருள் அது. அந்த நகலைத்தான் அம்மா கொண்டுபோன ஐந்நூறு ஜி.பி. டிஸ்க்கில் ஏற்ற முடியாது என்று அவன் திருப்பி அனுப்பினான்.

நான் போய் அவன் திரையைப் பார்த்தேன். கோப்பின் அளவு 1,00,020,48,86,016 பைட் என்று இருந்தது. ஒரு டெராபைட் டிஸ்க் எல்லாமே அநேகமாக இந்த எண்ணில்தான் இருக்கும். விண்டோஸ் இதைத்தான் 931 ஜி.பி. என்று காட்டும். "தம்பி, இந்தக் கோப்பு உன் டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்" என்றேன். "அதான் சார் இருக்கே, ஒரு டெராபைட்" என்றான். "அது அளவு. பிடித்த இடம் வேறு. 'டி.யூ.' கட்டளை போட்டுப் பார்" என்றேன். போட்டான். 41 ஜி.பி. என்று வந்தது. ஏதோ கோளாறு என்று மறுபடி போட்டான். மறுபடியும் 41.

கோளாறு ஒன்றுமில்லை. நண்பர் அந்த டிஸ்க்கை வாங்கி அதில் ஸ்கேன் மட்டுமே வைத்திருந்தார். சினிமா இல்லை, பாட்டு இல்லை. நாற்பது ஜி.பி.க்குச் சற்று மேல் எழுதியிருக்கிறார். மீதி முழுக்கத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பூஜ்யம். டி.டி.ரெஸ்க்யூவுக்கு ஒரு விருப்பத் தேர்வு உண்டு; பூஜ்யம் மட்டுமே உள்ள இடங்களை எழுதாமல் தாண்டிப் போகும். அந்தப் பையனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த கட்டளையில் அது இருந்திருக்கிறது. பயன்படுத்தினான், ஆனால் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

இப்படி நடுவில் எழுதப்படாத இடங்களோடு இருக்கும் கோப்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பார்ஸ் ஃபைல்' என்று பெயர். பிரெஞ்சில் 'ஃபிஷியே க்ரோ' என்பார்கள், உள்ளே கூடாக இருக்கும் கோப்பு என்று பொருள். எனக்குப் பிரெஞ்சுச் சொல்தான் பிடிக்கிறது. பள்ளியில் எல்லாம் பிரெஞ்சிலேயே படித்தவன், பழக்கதோஷம். தமிழில் நான் பொக்கைக் கோப்பு என்று வைத்துக்கொண்டேன். பொக்கை வாய்க்காரர் சிரித்தால் வாயின் அகலம் குறைவதில்லை. பல்லின் எண்ணிக்கைதான் குறைவு. பல் இல்லாத இடத்தைக் கேட்டால் கோப்பு 'பூஜ்யம்' என்று பதில் சொல்லும், ஆனால் அங்கே டிஸ்க்கில் ஒன்றும் எழுதியிருக்காது. புதிய கண்டுபிடிப்பும் அல்ல இது. யூனிக்ஸில் ஆதிகாலத்திலிருந்தே உண்டு. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து உண்டு.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ரிக்கார்டு ரூமில் ஓர் அலமாரி. 1 முதல் 1000 வரை எண் போட்ட அறைகள். அதில் 41 அறைகளில்தான் கோப்பு இருக்கிறது. அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. என்ன செய்வோம்? 41 கோப்பையும் கட்டி, கூடவே ஒரு பட்டியல் வைப்போம். இன்ன எண்ணில் இன்ன கோப்பு, மற்ற எண்களில் இல்லை. அவ்வளவுதான். கடைப் பையன் செய்ய நினைத்தது என்ன தெரியுமா? 959 வெற்று அட்டைகள் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, சிவப்பு நாடா கட்டி, லாரியில் ஏற்றி, அதற்கும் சேர்த்துப் பெரிய லாரியாகப் பிடித்துவா என்கிறான். எங்கள் காலத்தில் எந்த சூப்பரின்டெண்டாவது இதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

பையன் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அம்மா கொண்டுபோன டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தது. டி.வி.யிலும் மேக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்று அப்படித்தான் வைத்திருப்பார்கள். எக்ஸ்ஃபேட்டுக்குப் 'பொக்கை' என்றால் என்னவென்றே தெரியாது. பழைய ஃபேட்32-க்கும் தெரியாது. அது போதாதென்று அதில் ஒரே கோப்பு நாலு ஜி.பி.யைத் தாண்டவும் கூடாது. ஆகவே பொக்கைக் கோப்பை அங்கே இழுத்துப் போட்டால் இல்லாத பல்லுக்கெல்லாம் பல்செட் கட்டி, 959 ஜி.பி. பூஜ்யத்தை உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கும். இடம் போதாமல் நிற்கும். அதனால்தான் அவன் 'கொள்ளாது' என்றான். அந்தப் பாத்திரத்தில் அப்படியே ஊற்றினால் கொள்ளாதுதான். வேறு பாத்திரத்தில் ஊற்றி அதை உள்ளே வைக்கலாமே என்பதுதான் என் கட்சி.

அந்த வேறு பாத்திரம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், என் பழைய ஸ்கேனரால். புதிய விண்டோஸில் அது வேலை செய்யாது, டிரைவர் கிடையாது. வீசச் சொன்னார்கள். எனக்கு மனசில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர் அமைத்து, அதில் பழைய எக்ஸ்.பி.யை ஓட்டினேன். அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் டிஸ்க் வேண்டும். நூறு ஜி.பி. என்று கொடுத்தேன். என் நிஜ டிஸ்க்கில் பார்த்தால் அந்தப் பொய் டிஸ்க்கின் கோப்பு இரண்டு மெகாபைட்கூட இல்லை! எக்ஸ்.பி.யைப் போட்ட பிறகுதான் இரண்டு ஜி.பி.யாக வளர்ந்தது. உள்ளே இருப்பவன் நூறு ஜி.பி. வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், வெளியே அது ஒரு திண்ணை. அன்றே புரிந்தது, காலி இடத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே இடம் பிடிக்காமல் இருக்கிற வித்தை இந்த விர்ச்சுவல் டிஸ்க் ஆட்களிடம் இருக்கிறது என்று.

அப்படிப் பல வகை உண்டு. விர்ச்சுவல்பாக்ஸுக்கு வி.டி.ஐ., வி.எம்.வேருக்கு வி.எம்.டி.கே., மைக்ரோசாஃப்டுக்கு வி.ஹெச்.டி., அதன் தம்பி வி.ஹெச்.டி.எக்ஸ். நான் பயன்படுத்தியது 'கியூகவ்2'. இது கியூ.இ.எம்.யூ. என்ற மென்பொருளின் சொந்த வகை. அதை 2003-ல் வெளியிட்டவர் ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர், கிரனோபிளில் பிறந்தவர், எக்கோல் பொலிதெக்னிக் மாணவர். 'பெல்லார்ட்' என்று நம் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் காது கூசுகிறது. கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது அப்பா! இன்று உலகம் முழுக்க வீடியோவைக் கையாளும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருளையும் ஆரம்பித்தவர் இவரே. 2009-ல் ஒரு சாதாரண மேசைக் கம்ப்யூட்டரை வைத்துப் பை எண்ணை 2.7 லட்சம் கோடி இலக்கம் வரை கணக்கிட்டுச் சாதனை செய்தவர். பெரிய இயந்திரம் வாங்கிவா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

கியூகவ்2 வேலை செய்யும் விதம் எங்கள் ரிக்கார்டு ரூம் விதமேதான். டிஸ்க் முழுவதையும் 64 கிலோபைட் துண்டுகளாக மனதால் பிரித்துக்கொள்ளும். ஒரு டெராபைட்டுக்கு ஒன்றரைக் கோடித் துண்டுக்கு மேல் வரும். கோப்பின் தலைப்பில் ஓர் அட்டவணை; அது இரண்டாம் நிலை அட்டவணைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும்; இரண்டாம் நிலை அட்டவணை ஒவ்வொன்றும் 8,192 துண்டுகளுக்கு, அதாவது அரை ஜி.பி.க்குப் பொறுப்பு. துண்டில் ஏதாவது எழுதியிருந்தால் அது கோப்பில் எங்கே இருக்கிறது என்ற எண் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். அரை ஜி.பி. முழுவதுமே காலி என்றால் இரண்டாம் நிலை அட்டவணையே கிடையாது, மேல் அட்டவணையில் ஒரு கட்டம் காலி, முடிந்தது கதை. முழுவதும் காலியான ஒரு டெராபைட் டிஸ்க்கை இப்படி வைத்தால் சில நூறு கிலோபைட்தான் ஆகும். ஒரு போட்டோவுக்கு ஆகும் இடம்கூட இல்லை.

இதில் முக்கியம் என்னவென்றால், 'இல்லை' என்ற செய்தி கோப்புக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்க்கின் ஃபார்மட் அதைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. எக்ஸ்ஃபேட்டோ, மேகக் கிடங்கோ, எதில் வைத்தாலும் அது 41 ஜி.பி. கொண்ட சாதாரணக் கோப்பு. இழுத்துப் போட்டால் 41 ஜி.பி.யாகவே போய்ச் சேரும். கியூ.இ.எம்.யூ.வோடு வரும் இமேஜ் கருவியில் 'கன்வர்ட்' கொடுத்தால் பூஜ்யம் நிறைந்த பகுதிகளைத் தானே கண்டுபிடித்து விட்டுவிடும். கடையிலேயே உட்கார்ந்து செய்யச் சொன்னேன். ஒரு டீ குடித்து வந்தோம், முடிந்திருந்தது. அம்மாவின் ஐந்நூறு ஜி.பி. டிஸ்க்கில் ஏற்றிய பிறகும் அதில் முக்கால் பங்குக்கு மேல் காலி.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். என் தங்கை மகன் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். போனில் சொன்னால், "என்ன மாமா நீங்க, டிஸ்க் இப்ப எவ்வளவு மலிவு! இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிட்டு..." என்கிறான். மலிவு யாருக்கு? மாதப் பென்ஷனில் மருந்துச் செலவு போக மிச்சம் பிடிக்கிற ஒரு பெண்மணிக்கு எது மலிவு என்று மாதம் லட்சம் வாங்குகிறவன் தீர்மானிக்க வேண்டாம்.

பணத்தை விடுங்கள், நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். வினாடிக்கு நூறு மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டை நகலெடுக்க இரண்டே முக்கால் மணி நேரம். பழைய யு.எஸ்.பி. துளையில் வினாடிக்கு முப்பது மெகாபைட் வந்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். 41 ஜி.பி.யோ நூறு மெகாபைட் வேகத்தில் ஏழு நிமிடம். பாரீஸ் பக்கம் இருக்கும் அவர்கள் மகனுக்கு அனுப்ப வேண்டுமென்றால், மேலேற்றும் வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்று வைத்துக்கொண்டாலும் ஒரு டெராபைட்டுக்கு ஒன்பது நாளுக்கு மேல், இரவு பகலாக, மின்சாரம் போகாமல். 41 ஜி.பி.க்கு ஒரு ராத்திரி. ஒன்பது நாள் ஆகும் காரியத்தை யாரும் செய்யமாட்டார்கள். ஒரு ராத்திரி காரியத்தைச் செய்வார்கள். அந்தக் காகிதங்களுக்கு இரண்டாவது நகல் உண்டா இல்லையா என்பது இந்தக் கணக்கில்தான் நிற்கிறது, டிஸ்க் விலையில் அல்ல.

"அப்போ ஜிப் பண்ணி வெச்சுடுங்க மாமா" என்றான் அடுத்து. இதுவும் பலர் சொல்வது. ஜிப்பின் அமுக்கும் முறை எவ்வளவு காலியான இடத்தையும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகத்தான் சுருக்கும், 959 ஜி.பி. வெறுமைக்குக்கூட ஒரு ஜி.பி. வாடகை கேட்கும். அதுகூடப் போகட்டும். ஜிப்புக்குள் இருக்கும் இமேஜில் ஒரே ஒரு திருமணப் பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் முழு டெராபைட்டையும் விரித்தாக வேண்டும். விரிக்க இடம் இல்லை என்றுதானே அப்பா சுருக்கினோம்! விர்ச்சுவல் டிஸ்க்கில் அந்தத் தொல்லை கிடையாது. அட்டவணையைப் பார்த்து வேண்டிய துண்டை மட்டும் நேரே எடுக்கும். வி.ஹெச்.டி.எக்ஸாக மாற்றினால் விண்டோஸிலேயே இரட்டைச் சொடுக்கில் ஒரு டிரைவாக வந்து உட்காரும், விண்டோஸ் 8-லிருந்து. ஆனால் எழுதவொட்டாமல் பூட்டித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அதில் தன் கைரேகையைப் பதித்துவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அந்த வி.ஹெச்.டி.எக்ஸ். கோப்பே என்.டி.எஃப்.எஸ்.ஸில் பொக்கைக் கோப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் திறக்க மறுத்துவிடும்! எனக்கு அரை நாள் போயிற்று அதில். சாதாரணக் கோப்பாக இன்னொரு முறை நகலெடுத்த பிறகு திறந்தது. அதன் துண்டும் பெரிது, விண்டோஸ் தானாக உருவாக்கினால் 32 மெகாபைட். ஒரு மூலையில் ஓர் எழுத்து இருந்தாலும் 32 மெகாபைட் முழுவதும் பிடிக்கும். அதனால்தான் பத்திரப்படுத்தக் கியூகவ்2, பார்க்க மட்டும் வி.ஹெச்.டி.எக்ஸ். என்று வைத்துக்கொண்டேன்.

"போட்டோக்களை மட்டும் எடுத்துக்கிட்டு இமேஜைத் தூக்கிப் போட்டுடலாமே?" இது மூன்றாவது வாதம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் டிஸ்க்கின் அட்டவணைப் பகுதியிலேயே சில இடம் கெட்டிருந்ததால், ஃபோல்டர்களில் தெரியாத படங்கள் உள்ளே கிடந்தன. ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள் (அதையும் எழுதியவர் பிரெஞ்சுக்காரர்தான், கிறிஸ்தோஃப் கிரெனியே), ஃபோல்டரை நம்பாமல் டிஸ்க் முழுவதையும் துழாவிப் படங்களைப் பொறுக்கும். அதை ஓட்டியதில் இருநூற்றுச் சொச்சம் படம் கிடைத்தது. இமேஜை வீசியிருந்தால் அவை போயிருக்கும்.

நான்காவது வாதம் கொஞ்சம் கனமானது. "மாற்றினால் அது மூலம் ஆகாது, மூலம் மூலமாகவே இருக்க வேண்டும்" என்று ஓர் ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் சொன்னார். அவரை மதிக்கிறேன். ஆனால் கியூகவ்2-ஐத் திரும்ப விரித்தால் ஒரு பைட் மாறாமல் அதே இமேஜ் வரும். மாற்றுவதற்கு முன் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து எழுதி வைத்தேன், வேறொருவர் கம்ப்யூட்டரில் விரித்து மறுபடி எடுத்தேன், இரண்டும் ஒன்று. குற்றப் புலனாய்வில் டிஸ்க் நகல் எடுப்பவர்களே ஈ-01 என்ற, அமுக்கி வைக்கும் வகையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். வழக்குக்குப் போகும் சாட்சியே சுருக்கிப் போகும்போது நம் தெருக் காகிதம் போகக் கூடாதா?

அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். விரித்த இமேஜில் நடுவில் கொஞ்சம் கெட்டால் அந்த இடம் மட்டும் போகும். கியூகவ்2-ல் தலைப்பு அட்டவணை கெட்டால் பெருத்த நஷ்டம். சோதிக்கக் கருவி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அது பிழைக்கவைக்காது. இதற்கு ஒரே மருந்து நகல்கள், வேறு வேறு டிஸ்க்கில், வேறு வேறு வீட்டில். வருஷக்கணக்கில் நிறைத்து அழித்து நிறைத்த டிஸ்க்காக இருந்தால் இந்த வித்தை அவ்வளவு பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழித்த கோப்பு பூஜ்யமாகிவிடுவதில்லை, குப்பையாக அங்கேயேதான் கிடக்கும். நண்பரின் டிஸ்க் சுத்தமான டிஸ்க். அதனால் பலித்தது.

இவ்வளவும் நான் ஜெயித்த கதை. தோற்ற கதை ஒன்று இருக்கிறது.

எத்தா சிவில் பதிவேட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் வெற்றிடம் விடக் கூடாது. நெப்போலியன் காலத்து சிவில் சட்டத்திலேயே அப்படித்தான் விதி: ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். படிவத்தில் சொல்ல ஒன்றும் இல்லாத கட்டத்தில் 'நேயான்' என்று எழுதுவார்கள். இன்மை என்று அர்த்தம். காலியாக விட்டால் பிற்பாடு எவனாவது எதையாவது செருகுவான், அல்லது எழுத மறந்தார்களா, இல்லவே இல்லையா என்று தெரியாமல் போகும். 'இல்லை' என்பதும் ஒரு தகவல். அதை எழுதி வைக்க வேண்டும்.

பொக்கைக் கோப்பில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டிஸ்க்கில் நிஜமாகவே பூஜ்யம் இருந்த இடமும் பொக்கை. டிஸ்க் கெட்டுப்போய்ப் படிக்கவே முடியாமல் போன இடமும் பொக்கை. கேட்டால் இரண்டும் 'பூஜ்யம்' என்றே பதில் சொல்லும். வெற்றுத் தாளும் கறையான் தின்ற தாளும் ஒன்றா? டி.டி.ரெஸ்க்யூவை எழுதியவருக்கு இது தெரியும். அதனால்தான் ஓடும்போதே கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைத்துக்கொண்டு, இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை படித்தாயிற்று, இந்த இடம் படிக்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டே போகும். அதை வரைபடக் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கிலோபைட்தான் இருக்கும். அது கையில் இருந்தால், படிக்க முடியாத இடங்களிலெல்லாம் 'கெட்ட செக்டார்' என்று முத்திரைகூடக் குத்தலாம். அதற்கும் அந்த மென்பொருளில் வழி இருக்கிறது. பிறகு எந்தக் கோப்புக்குள் அந்த முத்திரை இருக்கிறது என்று தேடினால் சேதமான படங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தக் கோப்பைக் கேட்டேன். பையன் அதை அழித்துவிட்டான். "ஏதோ லாக் ஃபைல் சார், சும்மா குப்பை, இடத்தை அடைக்குதுன்னு..." என்றான்.

இடத்தை அடைக்கிறதாம்! 959 ஜி.பி. வெறுமைக்குப் புது டிஸ்க் வாங்கிவரச் சொன்ன அதே பையன், பத்துக் கிலோபைட் காகிதத்தை இடத்தை அடைக்கிறது என்று அழித்திருக்கிறான். மறுபடி ஓட்டலாம் என்றால் மூல டிஸ்க் அன்றைக்கே சுழல்வதை நிறுத்திவிட்டது. எத்தனை இடம் கெட்டது என்று அவனுக்கு நினைவில்லை. "கொஞ்சம்தான் சார்" என்றான். கொஞ்சம் என்பது ஓர் எண்ணா? எந்தப் பதிவேட்டில் எழுதுவது அதை?

கடையின் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பையன் தனி ஆள் அல்ல. எது எடை, எது வெறுமை என்று பார்க்காமல், எண்ணைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கும் ஒரு பெரிய கூட்டத்தில் அவன் ஒருவன். என் மருமகனும் அதில் சேர்த்தி. விளக்கிச் சொன்ன பிறகும், "சரி மாமா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான். இதில் அடுத்த தடவை என்று ஒன்று இல்லை.

அந்தக் காலத்தில் பிரான்சு தன் குடியேற்ற நாட்டுப் பதிவேடுகளை ஒரே பிரதியோடு விட்டுவைக்கவில்லை. உள்ளூரில் இரண்டு, 1776 அரச ஆணைக்குப் பிறகு, இன்னொரு பிரதி கப்பலில் வெர்சாய் போய்ச் சேர வேண்டும். அந்த வரிசைதான் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புதுச்சேரிப் பழைய பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது அதனால்தான். நம் மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோமே. அதே முறையில் நாங்களும் செய்தோம். ஒரு டிஸ்க் அம்மாவின் பீரோவில். ஒன்று என் வீட்டில். மூன்றாவது பாரீஸ் பக்கம் இருக்கும் மகனுக்கு இரவில் ஏற்றியது. மூன்றிலும் அதே கியூகவ்2 கோப்பு, ஒரே ஷா எண். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் ஒட்டியிருக்கிறேன், மையால்.

வரைபடக் கோப்பு இல்லாத குறையை இப்போது கண்ணால் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் வைத்துப்போன படங்கள் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொன்றாகத் திறக்கிறோம். நன்றாக இருந்தால் நோட்டில் ஒரு டிக். சேதமாக இருந்தால் எண்ணும் விவரமும். போன வெள்ளி வரை 1,140 ஆகியிருக்கிறது. அதில் நாலு கெட்டது. நாலாவது, இதே தெருக்காரர் ஒருவரின் பாட்டனார் திருமணப் பதிவு. மேல் பாதி நன்றாக இருக்கிறது. பதிவு எண்ணும் ஆண்டும் மாப்பிள்ளை பெயரும் தெரிகின்றன. பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய வரியிலிருந்து கீழே முழுக்கச் சாம்பல் நிறம். எண் இருப்பதால் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். திங்கட்கிழமை போகிறேன்.